19 டாலர் 8 சென்ட்: கறுப்பினப் பெண்களின் சொராரிட்டி கிளைகள் ஊருக்கு என்ன செய்கின்றன?

2020 ஆகஸ்டில் ஜோ பைடன் தன் துணை அதிபர் வேட்பாளராகக் கமலா ஹாரிஸை அறிவித்தார். அதற்குப் பிறகு அவர்களுடைய பிரசார நிதிக்கு ஒரே தொகை ஆயிரக்கணக்கான தடவை வந்து விழுந்தது: 19 டாலர் 8 சென்ட். முழுசாக 20 டாலர் கொடுக்காமல் ஏன் இந்தச் சில்லறைக் கணக்கு? அனுப்பியவர்களில் பெரும்பாலோர் ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா என்ற அமைப்பின் பெண்கள். அந்த அமைப்பு பிறந்த ஆண்டு 1908. கமலா 1986-ல், ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் படித்தபோது அதில் சேர்ந்தவர்.

கமலாவின் அம்மா சியாமளா கோபாலன் சென்னையில் பிறந்தவர் என்பதால் இந்தப் பேச்சு தமிழிலும் அடிபட்டது. அப்போதெல்லாம் நான் கேட்டவை மூன்று வார்த்தைகள்தான்: ‘காலேஜ் தோழிகள்’, ‘லேடீஸ் கிளப்’, ‘பழைய மாணவிகள் சங்கம்’. மூன்றுமே சரியில்லை. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஊர் ஊராக மருத்துவம், படிப்பு, வாக்குரிமை என்று உழைத்துவரும் பெண்களை இந்த மூன்று வார்த்தைகளும் சின்னதாக்கிவிடுகின்றன. அதனால் அடியிலிருந்தே தொடங்கி விளக்குகிறேன்.

சொராரிட்டி என்றால் என்ன?

லத்தீனில் ‘சோரர்’ என்றால் சகோதரி. அதிலிருந்து வந்த சொல் சொராரிட்டி. அமெரிக்கக் கல்லூரிகளில் மாணவிகள் உறுப்பினராகச் சேரும் சகோதரிச் சங்கம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆண்களுக்கு இருப்பது ஃப்ரட்டர்னிட்டி. இரண்டு வகைச் சங்கங்களும் பெரும்பாலும் கிரேக்க எழுத்துக்களைப் பெயராக வைத்துக்கொள்ளும். ஹாலிவுட் படங்களில் பெரிய வீடு, பார்ட்டி, கூச்சல் என்று காட்டுவார்களே, அது பெரும்பாலும் வெள்ளையர் சங்கங்களின் படம்.

கறுப்பினப் பெண்கள் தொடங்கிய பெரிய சொராரிட்டிகள் நான்கு. முதலில் வந்தது ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா, 1908-ல். அடுத்து 1913-ல் 22 மாணவிகள் சேர்ந்து தொடங்கிய டெல்டா சிக்மா தீட்டா. 1920-ல் ஜீட்டா ஃபை பீட்டா. இந்த மூன்றும் வாஷிங்டனில் உள்ள ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் பிறந்தவை. அடிமை முறை ஒழிந்த சூட்டோடு, 1867-ல், கறுப்பின மக்களின் உயர்கல்விக்கு வழி திறந்த இடம் அது. நான்காவது சிக்மா காமா ரோ. 1922-ல் இண்டியானாபொலிஸ் நகரில் ஏழு பள்ளி ஆசிரியைகள் தொடங்கியது. இந்த நான்கையும் ஐந்து ஃப்ரட்டர்னிட்டிகளையும் சேர்த்து ‘டிவைன் நைன்’ என்பார்கள். ஒன்பதுக்கும் பொதுவான குழு 1930-ல் அமைந்தது.

படிப்பு முடிந்தும் முடியாத உறவு

பெரிய குழப்பம் இந்த இடத்தில்தான். கல்லூரி முடித்தவர்களுக்கென்று தனியாக ஒரு கிளை உண்டு. டெல்டா அதை ‘அலம்னே சாப்டர்’ என்கிறது. ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா அதையே ‘கிராஜுவேட் சாப்டர்’ என்கிறது. இந்தக் கட்டுரையில் பட்டதாரிக் கிளை என்றே சொல்கிறேன்.

பழைய மாணவர் சங்கம் எப்படி இருக்கும்? கல்லூரியோடு கட்டப்பட்டிருக்கும். வருடத்துக்கு ஒரு நாள் கூடுவோம், பழைய ஆசிரியரைப் பார்ப்போம், கட்டட நிதிக்கு ஏதாவது கொடுப்போம், குரூப் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்புவோம். பட்டதாரிக் கிளை கட்டப்பட்டிருப்பது ஊரோடு. டெல்டாவின் கிளைப் பெயர்களைப் பார்த்தாலே இது விளங்கும். கல்லூரிக் கிளைக்கு கிரேக்க எழுத்துப் பெயர்; பட்டதாரிக் கிளைக்குப் பொதுவாக ஊர் அல்லது வட்டாரத்தின் பெயர். அட்லாண்டா, சிகாகோ, வாஷிங்டன் டி.சி. என்று.

ஒரு பெண் அட்லாண்டாவில் படித்து, ஹியூஸ்டனில் ஆசிரியை வேலைக்குப் போகிறார் என்று வைப்போம். அவர் அட்லாண்டாக் கல்லூரியை நினைத்து ஏங்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஹியூஸ்டன் கிளைக்கு மாறிக்கொள்வார். அங்கே வேறு வேறு கல்லூரிகளில் படித்தவர்கள், வேறு வேறு வயதுக்காரர்கள் இருப்பார்கள். நேற்றுப் பட்டம் வாங்கிய இருபத்திரண்டு வயதுக்காரியும், பேரன் பேத்தி எடுத்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியையும் ஒரே கூட்டத்தில் ஒருவரையொருவர் ‘சோரர்’ என்று அழைத்துக்கொள்வார்கள். கல்லூரிக் காலத்தில் சேராத பெண்ணும், பட்டம் வாங்கியிருந்தால் நாற்பது வயதிலோ ஐம்பது வயதிலோ பட்டதாரிக் கிளை வழியாகவே உறுப்பினராக முடியும்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: சொராரிட்டி என்பது சகோதரிச் சங்கம். கறுப்பினப் பெண்களின் சொராரிட்டியில் உறுப்பினர் உரிமை ஆயுள் முழுவதற்கும் உரியது. பட்டதாரிக் கிளை, அந்த ஆயுள் உறுப்பினர்கள் வாழும் ஊரில் கூடி வேலை செய்யும் இடம்.

சேவை எங்கிருந்து வந்தது?

‘சமூக சேவை’ என்றதும் சிலருக்கு நீதிமன்றம் தண்டனையாக விதிக்கும் வேலை ஞாபகம் வரும். வேறு சிலருக்கு, வசதியானவர்கள் ஓய்வு நேரத்தில் வந்து கொடுத்துவிட்டுப் போகும் போர்வையும் பழமும். இங்கே இரண்டும் இல்லை.

அன்றைய நிலைமையை யோசியுங்கள். தெற்கு மாநிலங்களில் பள்ளி, மருத்துவமனை, நூலகம் எல்லாம் நிறத்தால் பிரிக்கப்பட்டிருந்தன. கறுப்பின மக்களுக்கு ஒதுக்கியது கடைசித் தரம், பல இடங்களில் அதுவும் இல்லை. அரசு தராததைத் தாங்களே கட்டிக்கொள்ளும் பழக்கம் கறுப்பினப் பெண்களிடம் இந்தச் சொராரிட்டிகளுக்கு முன்பே வேரூன்றியிருந்தது. 1896-ல் உருவான கறுப்பினப் பெண்கள் தேசியச் சங்கம் ‘நாம் ஏறும்போது மற்றவரையும் தூக்கிவிடுவோம்’ என்பதையே முழக்கமாக வைத்திருந்தது. அதன் முதல் தலைவர் மேரி சர்ச் டெரல். பிறகு டெல்டா மாணவிகளுக்கு வழிகாட்டியாக நின்றவரும் அவர்தான்.

டெல்டா தொடங்கியது 1913 ஜனவரி 13-ல். அதே ஆண்டு மார்ச் 3-ல் வாஷிங்டனில் பெண்களின் வாக்குரிமைக்காக ஒரு மாபெரும் ஊர்வலம் நடந்தது. கறுப்பினப் பெண்கள் பின்னால் தனியாக வரட்டும் என்ற பேச்சு அந்த ஊர்வலத்துக்குள்ளேயே இருந்தது. டெல்டா மாணவிகள் அதில் போய் நடந்தார்கள். சங்கம் பிறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதன் முதல் பொது வேலை அதுதான்.

ஆனால் இந்தச் சேவை எப்படிப்பட்டது என்று ஒரே ஒரு உதாரணம் கேட்டால், நான் மிசிசிப்பியைத்தான் சொல்வேன்.

காரே மருத்துவமனையான கதை

1930-களில் ஆல்ஃபா காப்பா ஆல்ஃபாவின் தேசியத் தலைவராக இருந்தவர் ஐடா லூயிஸ் ஜாக்சன். மிசிசிப்பியில் பிறந்து, கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் நகரப் பள்ளிகளில் முதல் கறுப்பின ஆசிரியையானவர். (கமலா பிறந்ததும் அதே ஓக்லண்டில்தான்.) தன் சொந்த மாநிலத்தின் கிராமத்து ஆசிரியைகளுக்காக 1934-ல் ஹோம்ஸ் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி) ஒரு கோடைப் பள்ளி நடத்தினார். நடத்தும்போதே தெரிந்துவிட்டது, காய்ச்சலும் பசியுமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்று. முதலில் உடம்பு, அப்புறம்தான் புத்தகம்.

அடுத்த கோடையில், 1935-ல், மிசிசிப்பி சுகாதாரத் திட்டம் தொடங்கியது. தலைமை தாங்கியவர் வாஷிங்டன் மருத்துவர் டோரதி ஃபெரபீ. மருத்துவர், நர்ஸ், ஆசிரியை என்று ஒரு சிறு பெண்கள் குழு. சொந்தக் கார்களில், ஆயிரம் மைல் தாண்டிப் போனார்கள். நிலையான சில இடங்களில் கிளினிக் வைத்து மக்களை வரச் சொல்வதுதான் திட்டம். மக்களால் வர முடியவில்லை.

காரணம் பருத்தித் தோட்ட முதலாளிகள். அங்கிருந்த கறுப்பினக் குடும்பங்களில் பெரும்பாலோர் பங்குக்குப் பயிர் செய்பவர்கள்; நிலம் முதலாளியுடையது, விளைச்சலில் பங்கு, கடன் மட்டும் இவர்கள் தலையில். வெளியூர்ப் பெண்கள் வந்து ஆட்களின் மனதைக் கலைத்துவிடுவார்கள் என்ற பயத்தில், வயலை விட்டு கிளினிக்குக்குப் போக முதலாளிகள் விடவில்லை. இந்தப் பெண்கள் திரும்பிப் போகவில்லை. தடுப்பூசி, மருந்து, கருவிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்கே போனார்கள். காரே நடமாடும் கிளினிக் ஆனது. தோட்டத்துக் காவலாட்கள் பார்த்துக்கொண்டிருக்க, பிள்ளைகளுக்கு அம்மைக்கும் டிஃப்தீரியாவுக்கும் தடுப்பூசி போட்டார்கள், பல் பார்த்தார்கள், தாய்மார்களிடம் சாப்பாட்டையும் சுத்தத்தையும் பற்றிப் பேசினார்கள். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு மருத்துவரைப் பார்த்தவர்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

ஒரு கோடையோடு விட்டுவிடவும் இல்லை. ஹோம்ஸ் கவுண்டிக்குப் பிறகு பொலிவார் கவுண்டிக்குப் போனார்கள். 1942 வரை ஒவ்வொரு கோடையும் இந்தத் திட்டம் நடந்தது. நிறுத்தியது உலகப்போர்: பெட்ரோலுக்கும் டயருக்கும் ரேஷன் வந்தது, கார் இல்லாமல் கிளினிக் இல்லை.

இதற்கான பணம் எங்கிருந்து வந்தது என்பதைக் கவனியுங்கள். நாடு முழுக்க இருந்த உறுப்பினர்களிடமிருந்தும் கிளைகளிடமிருந்தும். அமெரிக்கா பெரும் பொருளாதார மந்தத்தில் கிடந்த காலம் அது. கொடுத்தவர்களில் நிறையப் பேர் ஆசிரியைச் சம்பளம் வாங்கியவர்கள்.

அதே காலத்தில் டெல்டா புத்தகத்தைக் கையில் எடுத்தது. கறுப்பின மக்கள் உள்ளே நுழையக்கூடிய நூலகமே இல்லாத தெற்கத்திக் கிராமங்களுக்காக 1937-ல் தேசிய நூலகத் திட்டத்தைத் தொடங்கினார்கள். பிற்பாடு ஜார்ஜியாவில் புத்தக வண்டியும் ஓடியது.

இயந்திரம் எப்படி ஓடுகிறது?

நல்ல மனது எல்லா ஊரிலும் இருக்கிறது. இங்கே வியப்பு, அது நூறு வருடமாக நிற்காமல் ஓடுவதுதான். அதற்குப் பின்னால் மூன்று ஏற்பாடுகள் இருக்கின்றன.

முதலாவது, மேலிருந்து வரும் திட்டம். தேசிய அமைப்பு எதில் கவனம் வைக்க வேண்டும் என்று தீர்மானிக்கும். டெல்டாவுக்கு அது ஐந்து தலைப்பு: பொருளாதாரம், கல்வி, உலக விவகாரம், உடல்நலமும் மனநலமும், அரசியல் விழிப்பு. கிளை எந்த வேலை செய்தாலும் இந்த ஐந்தில் ஒன்றுக்குள் வர வேண்டும். ஆனால் எந்தத் தெருவில், எந்தப் பள்ளியில், யாருக்கு என்பதைக் கிளை முடிவு செய்யும். சமையல் குறிப்பு ஒன்றுதான். உப்பு புளி அந்த வீட்டுக்காரர் கையில்.

இரண்டாவது, கமிட்டி. கிளைக்குள் உடல்நலத்துக்கு ஒன்று, கல்வி உதவித்தொகைக்கு ஒன்று, வாக்காளர் பதிவுக்கு ஒன்று என்று சிறு குழுக்கள் இருக்கும். மாதக் கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் செய்ததைச் சொல்லும், செலவுக் கணக்கு வைக்கும். தலைவர் மாறினாலும் குழு இருக்கும். ஒரு தனி மனிதரின் உற்சாகத்தை நம்பி எதுவும் நிற்பதில்லை.

மூன்றாவது, பணம். உறுப்பினர்கள் தேசிய அமைப்புக்கும் கிளைக்கும் ஆண்டுச் சந்தா கட்டுகிறார்கள். நடப்புச் சந்தா கட்டியவரை ‘ஃபைனான்ஷியல்’ உறுப்பினர் என்பார்கள். சந்தா கட்டத் தவறியவரின் உறுப்பினர் உரிமை அழிந்துவிடாது. ஆனால் ஓட்டுப் போடுவது, பதவிக்கு நிற்பது போன்றவை நின்றுபோகும். சேவைக்குச் சந்தா மட்டும் பத்தாது. அதனால் விருந்து, மேடை நிகழ்ச்சி என்று நிதி திரட்டுவார்கள். டெல்டாவின் ‘ஜாபர்வாக்’ என்ற பல்சுவை நிகழ்ச்சி 1925-ல் பாஸ்டன் கிளையில் தொடங்கி மற்ற ஊர்களுக்கும் பரவியது. டிக்கெட் பணம் மாணவர்களின் உதவித்தொகைக்குப் போகும். நன்கொடையாளருக்கு வரிச்சலுகை கிடைப்பதற்காகப் பல கிளைகள் தனியாக ஓர் அறக்கட்டளையும் பதிவு செய்து வைத்திருக்கின்றன. சங்கத்துப் பணம் ஒரு பை, தர்மத்துப் பணம் இன்னொரு பை.

சுருக்கமாக: திசை தேசிய அமைப்பிடமிருந்து, கைகள் ஊர்க் கிளையிலிருந்து, பணம் சந்தாவிலிருந்தும் திரட்டும் நிதியிலிருந்தும்.

இன்றைக்கு அந்தக் கைகள் என்ன செய்கின்றன?

எனக்கு மிகவும் பிடித்தது ஜீட்டா ஃபை பீட்டாவின் ‘நாரைக் கூடு’. குழந்தையை நாரை கொண்டுவந்து போடும் என்பது மேற்கத்தியப் பாட்டிக் கதை. பெயர் அதிலிருந்து வந்தது. தாய்சேய் நலத்துக்கான மார்ச் ஆஃப் டைம்ஸ் அமைப்போடு சேர்ந்து 1970-களின் தொடக்கத்திலிருந்து நடத்துகிறார்கள். கர்ப்பிணிப் பெண் பரிசோதனைக்குப் போனால் அவருக்குப் புள்ளி உண்டு. பேறுகால வகுப்பில் உட்கார்ந்தால் புள்ளி உண்டு. சேர்த்த புள்ளிகளைக் கொடுத்துக் குழந்தைத் துணி, டயப்பர், தொட்டில் போன்றவற்றை வாங்கிக்கொள்ளலாம். இதில் நான் மதிக்கும் நுட்பம் ஒன்று உண்டு. இலவசமாகக் கொடுத்தால் கை நீட்டி வாங்க வேண்டும். இங்கே அந்தத் தாய் சம்பாதித்து வாங்குகிறார், சம்பாதிக்கும் வழியிலேயே மருத்துவரையும் பார்த்துவிடுகிறார். இதன் தேவை இன்றும் தீரவில்லை. 2021-ல் அமெரிக்காவில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு வெள்ளையினத் தாய்மார்களில் 26.6 பேர் இறந்தார்கள். கறுப்பினத் தாய்மார்களில் 69.9 பேர்.

பிள்ளைகளுக்கான வேலை இன்னொரு பக்கம். 11 முதல் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்காக டெல்டா கிளைகள் நடத்தும் பயிற்சி வகுப்புக்கு, கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸின் மனைவியும் டெல்டா உறுப்பினருமான பெட்டி ஷாபாஸின் பெயர் வைத்திருக்கிறார்கள். கணிதத்திலும் அறிவியலிலும் பெண் பிள்ளைகள் பின்வாங்கத் தொடங்கும் வயது அது. அந்த வயதைப் பார்த்துத்தான் பிடிக்கிறார்கள். ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா கிளைகள் சனி, ஞாயிறுக்கான உணவுப் பை கட்டிக் கொடுக்கின்றன. பள்ளியில் மதியச் சாப்பாடு கிடைக்கும் பிள்ளைக்கு வெள்ளிக்கிழமை மாலையிலிருந்து திங்கள் காலை வரை என்ன வழி? அந்த இடைவெளிக்குத்தான் அந்தப் பை.

பிறகு வாக்காளர் பதிவு மேசை. அமெரிக்காவில் பல மாநிலங்களில் அதிகாரி வீட்டுக்கு வந்து பெயர் சேர்ப்பதில்லை. குடிமகன்தான் பதிவு செய்துகொள்ள வேண்டும், வீடு மாறினால் மறுபடியும். கெடு தேதியும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஒரு காலத்தில் கறுப்பின மக்களை எழுத்தறிவுத் தேர்வு, ஓட்டுப் போடத் தலைவரி என்று சொல்லி விரட்டிய நாடு என்பதால், அந்தப் படிவத்தை நிரப்பச் சொல்லித்தருவதே பெரிய வேலை. தேவாலய வாசலில், கல்லூரி வளாகத்தில், கடைத்தெருவில் மேசை போட்டு உட்கார்ந்து செய்கிறார்கள். எந்த வேட்பாளருக்கும் ஆதரவு கேட்காமல், பதிவு செய்யுங்கள், மறக்காமல் ஓட்டுப் போடுங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்வது கிளையின் முறை. உறுப்பினர் தன் சொந்தப் பணத்தில் 19 டாலர் 8 சென்ட் அனுப்புவது வேறு, கிளை செய்வது வேறு. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பித்தான் ‘அது கட்சியின் மகளிர் அணி’ என்று சொல்லிவிடுகிறார்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும்

பட்டம் பெற்றவர்கள், அல்லது பட்டத்துக்குப் படிப்பவர்கள்தான் சேர முடியும் என்பதால், ‘இது மேல்தட்டுச் சங்கம்’ என்ற விமர்சனம் கறுப்பின சமூகத்துக்குள்ளேயே வெகுகாலமாக உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. புதிதாகச் சேர வருபவர்களை வதைக்கும் ராகிங்கும் இந்த அமைப்புகளுக்குக் கெட்ட பெயர் கொண்டுவந்தது. 1990-ல், அப்போது பொதுக் குழுவில் இருந்த எட்டு அமைப்புகளும் பழைய ‘பிளெட்ஜ்’ முறையை, அதாவது உறுப்பினராகும் முன் வாரக்கணக்கில் சோதித்துப் பார்க்கும் வழக்கத்தை, நிறுத்திவிட்டன. விதி மாறியும் ராகிங் முழுதாக ஒழியவில்லை. வழக்குகள் பிறகும் வந்தன.

இதைச் சொல்வதால் அந்தப் பெண்கள் செய்த வேலை சிறுத்துப்போகாது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் முதல் கறுப்பினப் பெண் உறுப்பினர் ஷெர்லி சிஷம், குடிமை உரிமைப் போராட்டத்தின் தூண்களில் ஒருவரான டோரதி ஹைட் இருவரும் டெல்டாக்காரர்கள். ஆனால் கிளையைத் தாங்குவது பெயர் தெரிந்தவர்கள் அல்ல. சனிக்கிழமை காலையில் டயப்பர் பெட்டி தூக்கும் நர்ஸும், உதவித்தொகை விண்ணப்பங்களை நள்ளிரவு வரை படிக்கும் ஆசிரியையும்தான்.

ஊர் மாறினால் கிளை மாறும்

ஆயுள் உறுப்பினர் என்று தொடக்கத்தில் சொன்னேன். அது எவ்வளவு தூரம் போகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிரேக்க எழுத்துக்களில் கடைசி எழுத்து ஒமேகா. டெல்டா உறுப்பினர் ஒருவர் இறந்தால், அவர் ‘ஒமேகா ஒமேகா’ கிளையில் சேர்ந்துவிட்டார் என்பார்கள். அட்லாண்டாவிலிருந்து ஹியூஸ்டனுக்கு மாறியதைப் போலவே இதுவும் ஒரு மாற்றம். குடும்பம் சம்மதித்தால், அந்த ஊர்ப் பட்டதாரிக் கிளையின் பெண்கள் வெள்ளை உடை உடுத்தி வருவார்கள். அவரோடு மேசை போட்டவர்கள், பை கட்டியவர்கள், மாதக் கூட்டத்தில் அவரோடு வாதாடியவர்கள். சுற்றி நின்று தங்கள் சடங்கைச் செய்து அவரை அனுப்பிவைப்பார்கள்.